பாடிவிட்டுக் காத்திருத்தல்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம். திருகோணமலையில் 28 வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். பிள்ளைகளும் பாட்டும் என்று பேசச் சொன்னார்கள். அதற்கு நான் எடுத்துக்கொண்டது, ஏறக்குறைய 70 வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒரு சிறுவர் நிகழ்ச்சி. எங்கேயோ இருக்கிற சிக்காகோவைப் பற்றி இங்கே ஏன் என்று கேட்பீர்கள். கரையில் நின்று மீனவர் இழுக்கிற எங்கள் கரைவலைக்கும் அதற்கும் ஒரு உறவு இருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள்.

சிக்காகோவில் 1955இல் கல்விக்கென்றே ஒரு தொலைக்காட்சி நிலையம் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அங்கே சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் பாட ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். எலா ஜென்கின்ஸ் என்பது பெயர். கறுப்பினத்தவர், வயது முப்பதைத் தாண்டியவர், இளம்பெண்களுக்கான ஒரு சங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். சங்கீதம் முறையாகப் படிக்கவில்லை. அவருடைய மாமா மவுத் ஓர்கன் வாசிப்பாராம், சிறு வயதில் அதைக் கேட்டுக் கேட்டு வந்த இசைதான். விருந்தாளியாகப் போனவரை நிலையத்தாருக்குப் பிடித்துப்போய், வாரம் ஒரு தரம் நீங்களே நடத்துங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். தாளத்தைப் பற்றிய நிகழ்ச்சி அது. பல இனத்தாருடைய பாட்டையும் தாளத்தையும் அதில் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

அவர் செய்த வேலை மிகவும் எளிமையானது. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பிறகு அடுத்த வரி. வரி நீளமாக இருக்காது, சில நேரம் வெறும் சத்தமாகவே இருக்கும். கை தட்டுவார், சின்ன மேளத்தைத் தட்டுவார், அதற்கும் பதில் வர வேண்டும். கேப் கலோவே என்ற புகழ்பெற்ற பாடகர் மேடையில் கூட்டத்தைத் திருப்பிப் பாட வைத்ததைப் பார்த்துத்தான் இந்த முறை மனதில் பதிந்தது என்று சொல்லியிருக்கிறார். 1957இல் இதே முறையில் பிள்ளைகளுக்காக அவருடைய முதல் இசைத்தட்டும் வெளிவந்தது. அன்று தொடங்கியதை ஐம்பது வருடத்துக்கு மேல் விடாமல் செய்தார். 2024 நவம்பரில், 100 வயதில் காலமானார்.

சரி, இப்போது நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் திருக்கடலூரில் இருந்து ஒரு ஐயாவை எங்கள் முன்பள்ளிக்குக் கூட்டி வந்தேன். இளமையில் கரைவலை இழுத்தவர், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுப் பாடுவார். பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்து சேர்ந்தார். “கயிறு இல்லாமல் எனக்கு அம்பா வராது ரீச்சர்” என்றார். கயிற்றின் ஒரு நுனியை முற்றத்து வேம்பில் கட்டி, மற்றப் பக்கத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். பதினாறு பிள்ளைகள். முன்னால் அவர்.

ஒரு வரி பாடினார். நிறுத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து நானே கையைத் தட்டிக்கொண்டு “ஏலேலோ” என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பி, “ரீச்சர், நீங்கள் விடுங்கோ. அது பிள்ளையளுடைய இடம்” என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். மறுபடியும் அதே வரியைப் பாடி, கயிற்றை இலேசாக ஒரு இழுவை இழுத்துவிட்டு நின்றார். கயிறு அசைந்தது பிள்ளைகளின் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் தரம் நடுவில் நின்ற ஒரு பெண்பிள்ளை “ஏலோ” என்றாள். பாதிதான். அடுத்த இழுவைக்கு ஐந்தாறு குரல். அதற்குப் பிறகு வேம்பு ஆடத் தொடங்கிவிட்டது.

அவர் பிள்ளைகளின் வேகத்துக்குத் தன் பாட்டை இறக்கிக்கொண்டதையும் அன்று கவனித்தேன். கடலிலும் அப்படித்தானாம். வலையை வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிப்போகும். களைத்தவனும் சேர்ந்து இழுக்கிற வேகத்தில்தான் அம்பா போக வேண்டும். பாடுகிறவர் விடுகிற இடைவெளியில்தான் மற்றவர்கள் மூச்சு எடுக்கிறார்கள், கை மாற்றுகிறார்கள், பதில் சொல்லி இழுக்கிறார்கள். பாட்டின் வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இவ்வளவு வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்த எனக்கு இதை விளங்க வைத்தவர் அவர்.

எலா ஜென்கின்ஸ் செய்ததும் இதேதான், ஆனால் அவருக்கு முன்னால் இருந்தது கமரா. எதிரே இருக்கிற பிள்ளையின் குரல் கேட்காது. கேட்காத பதிலுக்கு இடம் விட்டு, கேட்டதுபோல நம்பி, அடுத்த வரியை எடுக்க வேண்டும். அதற்குப் பிள்ளையின் மேல் பெரிய மரியாதை வேண்டும்.

அந்த மரியாதை அந்தக் காலத்து வேறு சிலரிடமும் இருந்தது. பிற்ஸ்பேர்க் நகரத்தில் பிரெட் ரோஜர்ஸ் என்பவர் நடத்திய சிறுவர் நிகழ்ச்சி 1968 பெப்ரவரியில் நாடு முழுவதும் போகத் தொடங்கியது. ஒரு நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்று காட்ட, முட்டை அவிக்க வைக்கிற மணிக்கூட்டை வைத்துவிட்டுச் சும்மா இருந்தவர் அவர். தொலைக்காட்சியில், ஒரு முழு நிமிடம்! எலா ஜென்கின்ஸ் அவருடைய நிகழ்ச்சிக்கும் விருந்தாளியாகப் போனார். 1969 நவம்பரில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற சிறுவர் நிகழ்ச்சிக்குப் பான்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தோடு வந்த பீட் சீகரும் அப்படிப்பட்டவர்தான். அரசியல் காரணத்தால் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் பல வருடம் ஒதுக்கி வைத்திருந்த நாட்டார் பாடகர். கூட்டம் பாட வேண்டிய வரியை முன்கூட்டியே பேச்சாகச் சொல்லிக் கொடுத்து, அப்புறம் சேர்ந்து பாட வைப்பார்.

நமக்கும் இது புதிதல்ல. கூத்திலே ஆடுகிறவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். கும்மியிலும் அப்படித்தான். தம்பலகாமத்து வயலில் பாடினார்கள், கிண்ணியாவில் கோலாட்டம் போலக் களிகம்பு அடித்துப் பாடினார்கள். இலங்கை வானொலியின் சிறுவர் மலர் நிகழ்ச்சி என்னுடைய வயதுக்காரருக்கு மறக்காது. ரூபவாஹினி 1982இல் வந்த பிறகு தொலைக்காட்சியிலும் பிள்ளைகள் பாடினார்கள்.

இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிற போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல பாட்டுகளும் உண்டு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே பிள்ளை வாயைத் திறக்க இடமே இல்லை. கரையிலும் அப்படி ஆகிவிட்டது. சில இடங்களில் வலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. அதற்கு அம்பா தேவையில்லை.

அதனால் இந்த நிலையத்தாரிடம் ஒரு விண்ணப்பம். கிழமைக்கு ஒரு பதினைந்து நிமிடம் தாருங்கள். அம்பா தெரிந்த ஒருவர், களிகம்புப் பாட்டுத் தெரிந்த ஒருவர் என்று வாரம் ஒருவரைக் கூப்பிடுவோம். மூதூரில் இருந்தும், நிலாவெளியில் இருந்தும், தம்பலகாமத்தில் இருந்தும் வரட்டும். பேட்டி வேண்டாம். அவர்கள் பாடட்டும், நிறுத்தட்டும். வானொலி அமைதியாகிவிட்டதே என்று ஒருவரும் பயந்து இடையில் விளம்பரம் போட்டுவிடக் கூடாது. அந்த ஐயா இன்றும் இருக்கிறார். முதல் கிழமைக்கு அவரைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்போதே ஒரு தரம் செய்து பார்ப்போம். பக்கத்தில் பிள்ளை இருந்தால் வானொலிக்குக் கிட்டக் கூப்பிடுங்கள். பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பாடாதீர்கள். நான் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துவேன். மூன்று தரம்.

ஏலேலோ… ஏலேலோ…

(இடைவெளி)

ஏலேலோ… ஏலேலோ…

(இடைவெளி, சற்று நீளமாக)

ஏலேலோ…