சவேரியார் போன ஊரில் கிறிஸ்துமஸ்

(ஜப்பானியக் குடும்பங்களில் விருந்தினராகத் தங்கச் செல்லும் தூத்துக்குடி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்தக் குளிர்காலத்தில் ஜப்பானுக்குப் புறப்படவிருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

1542-ஆம் ஆண்டின் இறுதியில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக நடந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் கியூஷு தீவின் தென்கோடியிலுள்ள ககோஷிமாவில் கரையேறினார் என்பது இந்த ஊரில் பலரும் அறிந்த செய்திதான். அங்கிருந்து அவர் சென்ற ஊர்களில் ஒன்று யமகுச்சி. அவ்வூரை ஆண்ட ஓஉச்சி யோஷிதகா என்னும் பிரபு, 1551-இல் அவருக்குப் போதிக்க அனுமதியும், தங்குவதற்குக் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு புத்தக் கோயிலும் கொடுத்தார். மறு ஆண்டு டிசம்பர் 3 அன்று சவேரியார் சீனக் கரையோரத் தீவொன்றில் காலமானார். அதே மாதம், அவர் ஜப்பானில் விட்டுச்சென்ற கோஸ்மே தெ தோரெஸ் என்ற குரு, யமகுச்சியில் விசுவாசிகளைக் கூட்டிப் பாடற்பூசை நடத்தினார். ஜப்பானில் கொண்டாடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் என்று வழக்கமாகக் குறிப்பிடப்படுவது 1552-இன் அந்த விழாதான். அதை நினைவில் வைத்து, யமகுச்சி நகரம் இன்றும் டிசம்பர் மாதத்தில் தன்னைக் கிறிஸ்துமஸ் நகரம் என்று சொல்லிக்கொண்டு மரங்களுக்கெல்லாம் விளக்குப் போடுகிறது. மாணவனாக இருந்தபோது, அந்த ஊரில் ஒரு குடும்பத்தின் விருந்தினனாக இந்தப் பண்டிகையைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1552-க்கும் இன்றைய விளக்குகளுக்கும் இடையில் நேரான தொடர்ச்சி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். 1587-இல் அந்நாட்டின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹிதெயோஷி பாதிரிமாரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். 1597-இல் நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்தவர். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. தடையை அறிவித்த பலகைகள் தெருமுனைகளிலிருந்து இறக்கப்பட்டது 1873-இல். நாகசாகியின் கடலோரங்களிலும் தீவுகளிலும் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மறைவில் செபங்களைக் காப்பாற்றின என்பது மெய்சிலிர்க்கும் வரலாறு. ஆயினும் நாட்டின் பொதுவாழ்வில் கிறிஸ்து பிறப்பு என்ற ஒன்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லவே இல்லை. இன்றும் ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை கிறிஸ்துமஸ் அந்நாட்டுக்குள் வந்தது கோயில் வாசல் வழியாக அன்று, கடைவாசல் வழியாக. மெய்ஜி பேரரசர் காலத்தின் (1868–1912) பிற்பகுதியில் தோக்கியோவின் கின்சா வீதிக் கடைகள் டிசம்பரில் அலங்காரம் செய்யத் தொடங்கின. 1910-இல் யோகோஹாமாவில் தொடங்கப்பட்ட ஃபுஜியா என்ற பலகாரக் கடை கிறிஸ்துமஸ் கேக் விற்றது. 1926 டிசம்பர் 25 அன்று தைஷோ பேரரசர் மறைந்தார். அவர் நினைவாக அந்த நாள் 1927 முதல் 1947 வரை அரசு விடுமுறையாக இருந்தது. ஒரு பேரரசரின் நினைவு நாள், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்கும் வசதியை மக்களுக்குத் தந்தது என்பது விசித்திரமான செய்தி அல்லவா! போருக்குப் பின் அந்த விடுமுறை போய்விட்டது. 1970-இல் ஜப்பானில் முதல் கடையைத் திறந்த கேஎஃப்சி நிறுவனம், 1974-இல் கிறிஸ்துமஸுக்குக் கோழிதான் என்று நாடு தழுவிய விளம்பரம் செய்தது. வான்கோழி கிடைக்காத, பெரிய ஓவன் அடுப்பு சமையலறையில் இல்லாத நாட்டில், வறுத்த கோழியை வாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற அந்த யோசனை ஊன்றிக்கொண்டது. எண்பதுகளின் செழிப்பில், டிசம்பர் 24-ஆம் தேதி இரவு காதலர்களுக்கு உரியது என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. அதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள்.

இந்த வரலாற்றைக் கேட்டுவிட்டு, வியாபாரிகள் உண்டாக்கிய போலிப் பண்டிகை என்று கைகழுவிவிடுவது எளிது. நம் ஊர்க்காரர்கள் சிலர் அங்கே போய்வந்து அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடை என்ன விற்றது என்பது பாதிச் செய்திதான். வாங்கிக்கொண்டு போன வீடு அதை என்ன செய்தது என்பது மறுபாதி. அந்த மறுபாதி தெருவில் நடக்கும் சுற்றுலாப் பயணிக்குத் தெரியாது. வீட்டுக்குள் தங்குகிறவருக்கே தெரியும்.

நான் தங்கிய வீட்டில் கணவன், மனைவி, தொடக்கப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் என ஐந்து பேர். டிசம்பர் 23 அப்போது விடுமுறை. பேரரசர் அகிஹிதோவின் பிறந்த நாள். 2019-இல் அவர் பதவி விலகிய பிறகு அந்த விடுமுறையும் இல்லை. மறுநாள் 24, வழக்கமான வேலை நாள். குடும்பத் தலைவர் அதிகாலையிலேயே அலுவலகம் போய்விட்டார். பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவத்தின் நிறைவு நாள். மதிப்பெண் அட்டை, ஓவியப் பலகை, உள்ளே அணியும் காலணி என்று பள்ளியில் இருந்த உடைமைகளை எல்லாம் இரு கைகளிலும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். நம் வீட்டில் அன்றைக்கு இருக்கும் பரபரப்பு, புத்தாடை, குடில் வேலை எதுவும் அங்கே இல்லை. வரவேற்பறை மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு மரம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

மாலையில் அந்த வீட்டு அம்மா, பல நாட்களுக்கு முன்பே பணம் கட்டி வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு கேக்கையும் கோழியையும் வாங்கக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். கேஎஃப்சி கடை வாசலில் இருந்த கர்னல் சாண்டர்ஸ் சிலைக்குச் சிவப்பு அங்கியும் தொப்பியும் மாட்டியிருந்தார்கள். அங்கே கேக் என்றால் நம் ஊரில் வழங்கும் பிளம் கேக் அன்று. மென்மையான வெள்ளை கேக்கின் மேல் பாலேடு பூசி, ஸ்ட்ராபெரிப் பழங்களை அடுக்கியது. சிவப்பும் வெள்ளையும் அவர்களுக்கு மங்கல நிறங்கள். இதில் வியப்பு என்னவென்றால், ஸ்ட்ராபெரி அந்த நாட்டில் வசந்தத்தில் தொடங்கிக் கோடைத் தொடக்கம் வரை விளைந்துவந்த பழம். டிசம்பரில் கேக்குக்கு வேண்டும் என்பதற்காகவே, உழவர்கள் கூடார வளர்ப்பாலும், நாற்றுகளைக் குளிரூட்டிப் பூக்கவைக்கும் முறையாலும், புதிய இரகங்களாலும் அதன் பருவத்தைக் குளிர்காலத்துக்கு நகர்த்திவிட்டார்கள். ஒரு பண்டிகை வேர்விட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நிலத்தில் பயிரின் காலத்தையே மாற்றிய ஒன்றைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து போகிறவன் மக்ரூன் இல்லாமல் போவானா? தகர டப்பாவில் அடைத்துக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்த கையோடு பிள்ளைகள் திறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாட்டியம்மா டப்பாவை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். அங்கே இரட்டைக் கதவுடன் கரிய மரத்தாலான ஒரு மாடம் இருந்தது. குடும்பத்தின் முன்னோரை வைத்து வணங்கும் இடம். மறைந்த கணவரின் படத்துக்கு முன்னால் டப்பாவை வைத்து, ஊதுபத்தி ஏற்றி, சிறு வெண்கலக் கிண்ணம் போன்ற மணியை ஒருமுறை தட்டி, அதன் ஓசை அடங்கும்வரை கைகுவித்து நின்றார். அதன் பிறகே மக்ரூன் பிள்ளைகளிடம் வந்தது. அன்றிரவு கேக் வெட்டியபோதும் முதல் துண்டு அதே மாடத்துக்குத்தான் போனது. கிறிஸ்துவின் பிறந்த நாளுக்கு வாங்கிய கேக் புத்த மரபிலுள்ள முன்னோருக்குப் படையலாகிறது. அதில் அந்த வீட்டார் யாருக்கும் முரண் தோன்றவில்லை. வீட்டுக்கு எது நல்லதாக வந்தாலும் முதலில் பெரியவர்களுக்கு என்ற ஒழுங்கு அது. இறந்தோருக்கு இலை போட்டுப் படைக்கும் நாட்டிலிருந்து வந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை.

நான் கத்தோலிக்கன் என்று முன்பே எழுதியிருந்தேன். ஆகவே சாப்பாட்டுக்கு முன்பாக, மாலைப் பூசைக்கு என்னைக் காரில் அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. காமெயாமா குன்றின் மேல் சவேரியாரின் பெயரைத் தாங்கிய ஆலயம் இருக்கிறது. அவர் வந்த நானூறாம் ஆண்டு நினைவாக 1952-இல் கட்டப்பட்ட பழைய ஆலயம் 1991-இல் தீக்கிரையானது. இரட்டைக் கோபுரத்துடன் இன்று நிற்கும் வெண்ணிறக் கட்டடம் 1998-இல் எழுந்தது. இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தெருவிலிருந்து விளக்கைப் பார்த்ததோடு சரி, கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்தது அதுவே முதன்முறை என்றார். நற்கருணை நேரத்தில், ஜப்பானிய ஆலயங்கள் பலவற்றில் இருக்கும் வழக்கப்படி, திருமுழுக்குப் பெறாதவர்களும் ஆசி பெற முன்னே வரலாம் என்று அழைத்தார்கள். அவர் தயங்காமல் எழுந்து வரிசையில் நின்று தலை தாழ்த்தி ஆசி பெற்றுக்கொண்டு வந்தார். மதம் மாறும் எண்ணமோ, வேடிக்கை பார்க்கும் எண்ணமோ அதில் துளியும் இல்லை. விருந்தினனுக்கு உரிய நாளில் அவனுடன் இருப்பது தன் கடமை என்று அவர் கருதினார்.

விருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோழி, உருளைக்கிழங்கு சாலட், சோள சூப், பிள்ளைகளுக்காக மூடியை டப்பென்று தெறிக்கவைக்கும் ஷான்மெரி என்ற மது கலவாத பானம். குடும்பத் தலைவர் வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி ஆகிவிட்டது. அவருக்கென்று எடுத்துவைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, குளியலுக்கு முதலில் நீங்கள் போங்கள் என்று என்னிடம் சொன்னார். தொட்டிக்கு வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்த பின்பே வெந்நீரில் இறங்க வேண்டும், அடுத்தவர் அதே நீரில் அமர்வார் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. பிள்ளைகள் உறங்கிய பின், தாயும் தந்தையும் பூனை நடை நடந்து, பாயருகே அவர்களின் தலைமாட்டில் பரிசுப் பொட்டலங்களை வைத்தார்கள். காலுறையும் இல்லை, மரத்தடியும் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே தலையணைப் பக்கத்தில்தான் வைத்துவிட்டுப் போகிறார்.

25-ஆம் தேதி காலை எனக்கு விசேடம். அவர்களுக்கு அஞ்சலட்டைக்கு இறுதி நாள். ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை டிசம்பர் 15 முதல் 25-க்குள் அஞ்சலில் சேர்த்தால், அஞ்சலகம் அவற்றை வைத்திருந்து ஜனவரி 1 அன்று ஒருசேர வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அடியில் சூடேற்றி, மேலே கனத்த போர்வை விரித்த தாழ்வான மேசையைச் சுற்றிக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாட்டியம்மா தூரிகையாலும் மற்றவர்கள் பேனாவாலும் எழுதினார்கள். முந்திய இரவின் மீதிக் கேக்கும் ஆரஞ்சுப் பழங்களும் அதே மேசையில் இருந்தன.

மறுநாள் விடிந்தபோது மரத்தைக் காணோம். கடைத்தெருவிலும் அப்படியே, கிறிஸ்துமஸ் பாட்டு நின்று, பைன் கிளையும் வைக்கோல் கயிறும் மோச்சி என்ற அரிசி அப்பமும் வந்துவிட்டன. புத்தாண்டு அலங்காரத்தை 28-ஆம் தேதிக்குள் வைத்துவிடுவது நல்லது. ஒன்பது என்னும் எண்ணின் ஓசை துன்பத்தை நினைவூட்டுவதால் 29 ஆகாது. ஒரே இரவில் அவசரமாகச் செய்தது என்றாகிவிடும் என்பதால் 31-உம் ஆகாது. அதற்கு முன் வீடு முழுவதும் பெருந்துப்புரவு. கொஞ்சம் உயரமானவன் என்பதால் விளக்குகளைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. தள்ளுகதவுகளில் ஒட்டிய பழைய காகிதத்தைக் கிழித்துப் புதிதாக ஒட்டும் வேலையில், ஆண்டு முழுவதும் அதைத் தொடாதே என்று கேட்டுவந்த பிள்ளைகளுக்கு, அன்று மட்டும் முட்டியால் குத்திக் கிழிக்க அனுமதி. கிறிஸ்துமஸ் இரவின் பரிசுகளைவிட அதில்தான் அவர்களுக்கு ஆனந்தம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, மாணவர்களே, நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: நமக்குக் கிறிஸ்துமஸ் ஆண்டின் உச்சி, அவர்களுக்குப் புத்தாண்டின் முன்வாசலில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஓர் இரவு. நம் விழாவின் தேய்ந்த நகல் என்று அளந்து பார்த்தால் அது ஏழ்மையாகத்தான் தெரியும். அந்த வீட்டின் ஆண்டுச் சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்தால் அது நிற்கும் இடம் விளங்கும். அதனால் 26-ஆம் தேதியே பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். குடும்பம் சம்மதித்தால் ஜனவரி முதல் நாள் வரையாவது தங்குங்கள். பூசைக்குப் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டாமே என்று கூச்சப்பட்டு இருந்துவிட்டால் அவர்களாக ஊகித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இறைச்சி உண்ணாதவர்களும் அப்படியே, கோழிக்கு முன்பதிவு செய்வதற்கு முன்பே தெரிவிப்பது முறை.

ஊருக்குத் திரும்பிய பின் அடுத்த ஆண்டு அவர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்ப நினைப்பவர்கள், இங்கிருந்து போகும் நாட்களையும் கணக்கிட்டுக்கொண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன், அவ்வாண்டில் அந்த வீட்டில் துக்கம் எதுவும் நேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். துக்கம் உள்ள வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை, ஜனவரியில் நலம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் எழுதுவார்கள்.