இரைச்சலிலிருந்து ஒரு புயல்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் போட்டிருந்த தலைப்பு நீளமானது, அதைப் படித்துவிட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நன்றி. நான் பேசப்போவது இரைச்சலைப் பற்றி. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும்போது கொரகொரவென்று கேட்குமே, பழைய டிவியில் ஆன்டெனா நகர்ந்துவிட்டால் திரை முழுக்கப் புள்ளியாகப் பொரியுமே, அதுதான். வானிலைக் கணக்குப் போடுகிறவர்கள் இதை விரட்டுவதற்கென்றே பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். இன்றைக்கு அதிலிருந்தே புயலை உருவாக்குகிறார்கள். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், கரும்பலகையில் நான்கே வரி.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்று ஓர் ஆங்கிலேயர். குவேக்கர் என்ற, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றவர்; முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்த நேரத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? 1910 மே 20 காலை ஐரோப்பாவின் வானிலைத் தரவை எடுத்துக்கொண்டு, காற்று எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். எண்ணியல் முறையில் போட்ட முதல் வானிலைக் கணிப்பு அது. விடை: காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும். அன்றைக்கு உண்மையில் பாரோமீட்டர் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். 145 மில்லிபார் என்பது பெரும் புயலுக்கு நடுவிலும் பார்க்கக் கிடைக்காத மாற்றம். அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-ல் புத்தகத்திலேயே அச்சடித்தார் மனிதர். நான் அவரை மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

தப்பு எங்கே? சமன்பாட்டில் இல்லை. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் சின்னச் சின்னப் பிசிறுகள் இருந்தன. நிஜ வளிமண்டலம் அப்படிப்பட்ட பிசிறைச் சீக்கிரமே சமன் செய்துகொள்ளும். ரிச்சர்ட்சனின் கணக்கோ ஒரு நொடிப்பொழுதின் வேகத்தை ஆறு மணி நேரத்துக்கும் அப்படியே நீட்டி ஊதிவிட்டது. பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் என்கிற ஐரிஷ் வானிலையாளர் அதே தரவை முதலில் வடிகட்டிவிட்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், நம்பக்கூடிய விடை வந்தது. ஆக, முதல் பாடம், இரைச்சலை உள்ளே விடாதே.

இரண்டாவது பாடம் 1961-ல் வந்தது. எட்வர்ட் லாரன்ஸ் என்கிற வானிலையாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு சின்னக் கணினியில் பொம்மை வானிலை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். நடுவிலிருந்து மறுபடி ஓட்டுவதற்காக 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் அச்சில் இருந்தபடி 0.506 என்று கொடுத்தார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வேறு வானிலை ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எவ்வளவு வடிகட்டினாலும் மீதி இரைச்சல் வளர்ந்தே தீரும் என்று அதற்கு அர்த்தம். சரி, ஒழிக்க முடியாது என்றால் கூடவே வைத்துக்கொள்வோம் என்று 1992-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கிற ஐரோப்பிய நடுத்தர கால வானிலைக் கணிப்பு மையமும் அமெரிக்க வானிலைத் துறையும் அந்த ஆண்டில்தான் குழுக் கணிப்பை அன்றாட வேலையாக ஆக்கின. தொடக்க நிலையை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சம் கலைத்து, ஒரே கணக்கைப் பல தடவை ஓட்டுவது. இன்று ரெடிங்கில் ஒரு நேரத்துக்கு 51 எதிர்காலங்களை ஓட்டுகிறார்கள். 51-ல் 40 கணக்குகளில் புயல் கரையேறும் என்றால் ஊரைக் காலி செய், 5 என்றால் பார்த்துக்கொண்டிரு. ரொம்ப நாணயமான ஏற்பாடு. ஆனால் செலவு பயங்கரம். ஒவ்வொன்றும் சூப்பர் கம்ப்யூட்டர் வேலை.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உள்ளே வருகிறது, வந்த கையோடு ஒரு தப்பும் செய்தது. பழைய தரவைக் காட்டி, இன்றைய வானம் இது, நாளைய வானம் எது என்று நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கினார்கள். பிழையின் வர்க்கத்தைக் குறை என்பதுதான் கட்டளை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் புயல் ஒன்று டோக்கியோ பக்கம் போகலாம், அல்லது வளைந்து பசிபிக்குக்குள் போய்விடலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வையுங்கள். வர்க்கப் பிழை எதில் குறையும்? சராசரியில். இரண்டு இடத்திலும் பாதிப் புயல், ஓரமெல்லாம் மழுங்கிப்போய், கண் இல்லாமல். அப்படி ஒரு புயல் உலகத்தில் கிடையாது. மதிப்பெண் அட்டவணையில் இந்தச் சராசரி நன்றாகவே தேறும், அதுதான் ஆபத்து! விஞ்ஞானத் தரவில் எங்கெல்லாம் ஒரு கேள்விக்குப் பல விடை சாத்தியமோ அங்கெல்லாம் இந்த வியாதி உண்டு: காற்றுச் சுழிப்பு, புரதத்தின் மடிப்பு, மங்கலான தொலைநோக்கிப் படம், எதை எடுத்தாலும். நமக்கு வேண்டியது சராசரி இல்லை, நடக்கக்கூடிய ஒன்று, அப்புறம் நடக்கக்கூடிய இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

டிஃப்யூஷன் மாடல் என்பது இதற்கான தந்திரம். டிஃப்யூஷன் என்றால் விரவுதல், ஒரு சொட்டு மை தண்ணீரில் கரைந்து பரவுகிறதே அதுபோல. அந்தக் கணிதம் பழையது. 1943-ல் சுப்பிரமணியன் சந்திரசேகர், ஆமாம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சந்திரசேகர்தான், தாறுமாறாக அலையும் துகள்களின் கணக்கை ஒரே நீண்ட கட்டுரையில் தொகுத்துப் போட்டார். அவருக்கு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தடுமாறுவதைப் புரிந்துகொள்ள அது தேவைப்பட்டது. மை கரைவதை எழுதிவிடலாம், சரி. கரைந்த மை திரும்பிச் சொட்டாக வருமா? தண்ணீரில் வராது. கணக்கில் வரும் என்று 1982-ல் பிரையன் ஆண்டர்சன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் காட்டினார். ஒவ்வொரு இரைச்சல் அளவிலும் எந்தப் பக்கம் நெரிசல் அதிகம் என்று காட்டுகிற ஓர் அம்புக்குறி தெரிந்தால் போதும். அந்த அம்புக்குறியை நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கலாம் என்ற யோசனை 2015-ல் வந்தது, 2020-ல் அது நல்ல படங்களை வரைய ஆரம்பித்தது.

பழக்குவது எப்படி? நல்ல தரவை எடு, இரைச்சல் கொட்டு, கீழே என்ன இருந்தது என்று யூகிக்கச் சொல். அவ்வளவுதான். நிற்கும் இடத்திலிருந்து அந்த யூகத்தைப் பார்த்து நீட்டினால் அதுதான் அம்புக்குறி. இந்த யூகத்துக்கும் அதே வர்க்கப் பிழைதான் அளவுகோல். அப்படியானால் இதுவும் மழுங்கிய சராசரியைத்தானே சொல்லும்? சொல்லும்! முன்வரிசையில் ஒருவர் புருவம் உயர்த்துகிறார், அவர் சரி. பிறகு எப்படி ஒரே ஒரு புயல் வெளியே வருகிறது? இதற்குத்தான் கரும்பலகை.

உலகத்திலேயே எளிய தரவு: +1 அல்லது −1, சம வாய்ப்பு. +1 என்றால் டோக்கியோ, −1 என்றால் பசிபிக். இதற்கு நியூரல் நெட்வொர்க் தேவையே இல்லை, சரியான யூகம் கையிலேயே வரும்: நீங்கள் நிற்கும் இடத்தை இரைச்சல் அளவின் வர்க்கத்தால் வகுத்து, கால்குலேட்டரில் ஹைப் (hyp) அழுத்தி டான் (tan) அழுத்துங்கள். நடக்கிற விதி, இரைச்சலைப் பாதியாகக் குறைக்கும் ஒவ்வொரு படியிலும் நிற்கும் இடத்துக்கும் யூகத்துக்கும் நடுப்புள்ளிக்கு நகர வேண்டும். இரைச்சல் 2-ல் தொடங்குவோம், தற்செயலாக 0.8 விழுந்தது என்று வைப்போம். யூகம் 0.2, பார்த்தீர்களா, ரெண்டும் கெட்டான், மழுங்கிய சராசரி. நடுப்புள்ளி 0.5. இப்போது இரைச்சல் 1, யூகம் 0.46, நகர்ந்தால் 0.48. இரைச்சல் 0.5, யூகம் 0.96; இங்கேதான் முடிவு எடுக்கப்படுகிறது, நகர்ந்தால் 0.72. இரைச்சல் 0.25, யூகம் 1, அங்கேயே போய் நின்றுவிடலாம். டோக்கியோ. தொடக்கத்தில் −0.8 விழுந்திருந்தால் பசிபிக். முதல் யூகத்தையே நம்பி ஒரே தாவாகத் தாவியிருந்தால் 0.2-ல், கடலிலும் இல்லாமல் கரையிலும் இல்லாமல் நின்றிருப்போம். ஒவ்வொரு யூகமும் சராசரிதான், ஆனால் இரைச்சல் குறையக் குறைய எதன் சராசரி என்பது சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. எனக்கு இது முதன்முதலில் விளங்கியபோது இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நாம் செய்தது என்ன? இரண்டாம் ஆண்டில் படிக்கிற ஆய்லர் முறை, நிற்கும் இடத்துச் சரிவை மட்டும் பார்த்து ஒவ்வொரு படியாக நகர்வது! "சார், இதெல்லாம் எங்கே சார் பயன்படும்" என்று வருஷா வருஷம் கேட்பார்களே, இங்கே. 2020-ல் ஒரு படம் வரைய 1000 படி எடுத்தார்கள். 2022-ல் என்விடியா நிறுவனத்தின் ஆய்வாளர் டெரோ காரஸும் கூட்டாளிகளும் உட்கார்ந்து, ஆய்லருக்குப் பதில் ஹாய்ன் முறையைப் போட்டு, அதாவது படியின் இரண்டு முனையிலும் சரிவைப் பார்த்துச் சராசரி எடுத்து, இரைச்சல் குறைவான பக்கத்தில் படிகளை நெருக்கி வைத்து, சிறிய படங்களுக்கு நெட்வொர்க்கை 35 தடவை கூப்பிட்டாலே போதும் என்று காட்டினார்கள். 1900-ம் ஆண்டு முறை அது. புதிய நெட்வொர்க் என்று பத்திரிகைகள் கொண்டாடின, பாதி வேகம் பழைய எண்ணியல் பாடத்திலிருந்து வந்தது. என் துறைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

சரி, நிஜப் புயலுக்கு வருவோம். கூகுள் டீப்மைண்ட் செய்த ஜென்காஸ்ட் என்ற வானிலை டிஃப்யூஷன் மாடல், 2024 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. கால் டிகிரி கட்டம், அதாவது பூமியின் மேல் சுமார் 10.4 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் வெப்பம், காற்று, ஈரம் என்று பல உயரங்களில் 84 எண்கள். பெருக்கினால் ஒரு கணத்து வானம் என்பது 8.7 கோடி எண்கள். பழக்கியது 1979 முதல் 2018 வரை 40 ஆண்டுத் தரவு, சுமார் 14,600 நாள். 8.7 கோடி திசைகள் உள்ள இடத்தில் 14,600 நாள்களைப் பார்த்துவிட்டு வானத்தின் குணத்தைப் பிடித்தது என்பது எனக்கு இன்னும் முழுசாக நம்ப முடியாத விஷயம்.

முந்தைய இரண்டு வானங்களைக் கொடுத்தால், சுத்த இரைச்சலில் தொடங்கி, 12 மணி நேரம் கழித்து இருக்கக்கூடிய ஒரு வானத்தை அது பிரித்தெடுக்கும். ஒவ்வொரு 12 மணிக்கும் நெட்வொர்க்கை 39 தடவை கூப்பிடுகிறது, 15 நாளுக்கு 30 தாவல், ஆக 1170 அழைப்பு. ஒரு சிப்பில் 8 நிமிடம். வேறு இரைச்சல் கொடுத்தால் வேறு எதிர்காலம். இரைச்சலைக்கூட ஏனோதானோவென்று கொட்டவில்லை: அட்சரேகைக் கட்டத்தில் துருவத்துக்குப் பக்கம் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும், அங்கே புள்ளிக்கு ஒன்றாகத் தூவினால் துருவத்தில் இரைச்சலின் தன்மையே மாறிவிடும், அதனால் உருண்டையின் மேல் எல்லாத் திசையும் சமமாக இருக்கும்படி தூவினார்கள். இந்த மாதிரி வேலையில்தான் விஷயம் தெரிந்தவர் யார் என்று தெரியும்.

2019 ஆண்டை வைத்து ரெடிங் மையத்தின் குழுக் கணிப்போடு மோதவிட்டார்கள். 1320 அளவுகோல்களில் 97.2 சதவீதத்தில் ஜென்காஸ்ட் முந்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 12-ல் ஜப்பானின் இசு தீபகற்பத்தில் கரையேறிய ஹகிபிஸ் புயலுக்கு, ஏழு நாள் முன்னால் அதன் பாதைகள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. நாள் நெருங்க நெருங்க விசிறி மடங்கியது. ஏழு நாள் முன்னாலேயே ஒரே கோடு போட்டிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்போது பழைய முறையை மூட்டை கட்டிவிடலாமா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பழக்கிய அந்த 40 ஆண்டுத் தரவு எங்கிருந்து வந்தது? ரெடிங் மையத்தின் ஈரா-5. அளவீடுகளையும் ரிச்சர்ட்சன் வழிவந்த சமன்பாட்டு மாடலையும் பிசைந்து செய்தது. கடலுக்கு நடுவில் கருவி இல்லாத இடத்தை நிரப்பியது சமன்பாடுதான். தினமும் தொடக்க வானத்தைத் தயாரித்துக் கொடுப்பதும் அதுதான். தவிர, காற்றின் நிறை கூடவோ குறையவோ கூடாது என்று நெட்வொர்க்குக்கு யாரும் சட்டம் போடவில்லை, பார்த்துப் பழகியதோடு சரி. பார்க்காத வானம், உதாரணமாக இன்னும் சூடான கடல், வந்தால் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புரதப் பக்கம், அதன் வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்ட் 3-லும் டிஃப்யூஷன்தான் அணுக்களை இடத்தில் வைக்கிறது. ஒழுங்கான வடிவமே இல்லாத பகுதிகளில்கூட அழகான வடிவத்தைக் கற்பனை செய்துவிடுகிறது என்று அதன் கட்டுரையே ஒத்துக்கொள்கிறது. அழகாக இருப்பதால் நம்பிவிடுவோம், அதுதான் சிக்கல். அதனால் படத்தைப் பார்த்து மயங்காமல், சின்ன அலைகளில் ஆற்றல் எவ்வளவு, பெரிய அலைகளில் எவ்வளவு என்று பிரித்து நிஜ வானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது தருகிற பல எதிர்காலங்களின் விரிவும் உண்மையில் நேர்ந்த பிழையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

டிஃப்யூஷன்தான் கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். ரெடிங் மையமே 2025 ஜூலையில் தன் சொந்த நுண்ணறிவுக் குழுக் கணிப்பை அன்றாட வேலைக்குக் கொண்டுவந்தது. அது டிஃப்யூஷன் இல்லை, குழுவின் விரிவையும் சேர்த்து மதிப்பெண் போடுகிற வேறு பழக்குமுறை, படிப்படியாக இறங்க வேண்டியதில்லை. ஆனால் அதிலும் உள்ளே இரைச்சல் ஊற்றித்தான் ஆக வேண்டும்!

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி கேட்டது இது: "சார், கரும்பலகையில் சரியாக 0-ல் தொடங்கினால்?" நல்ல கேள்வி. 0-ல் தொடங்கினால் யூகமும் 0, காலம் முழுக்க அங்கேயே நிற்கும். ஆனால் இரைச்சலிலிருந்து சரியாக 0 விழ வாய்ப்பே இல்லை. 0.000001 விழுந்தது என்று வையுங்கள். உண்மையான பாதை கடைசியில் +1-க்குத்தான் போகும். நம்முடைய நான்கு படியில் போட்டுப் பாருங்கள், 0.000025-ல் வந்து நிற்கும், டோக்கியோவும் இல்லை பசிபிக்கும் இல்லை. 0.25-ல் நிறுத்தாமல் இரைச்சலை இன்னும் மூன்று தடவை பாதியாக்கிவிட்டு அப்புறம் யூகத்துக்குத் தாவுங்கள், +1-ல் வந்து விழும். பஸ்ஸில் போகும்போது போட்டுப் பார்க்கலாம், கால்குலேட்டர் போதும்.