ஆறு வார இடைவெளியில் இரண்டு சூறாவளிகள்: லேக் சார்லஸ் நகரம், 2020

நேயர்களுக்கு வணக்கம். 2020ஆம் ஆண்டின் அட்லாண்டிக் புயல் பருவம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை எப்படி உருக்குலைத்தது என்பதை இந்தக் காணொளியில் விளக்குகிறேன். அந்த ஆண்டு 30 புயல்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது. வழக்கமான பட்டியல் தீர்ந்துபோனதால் கிரேக்க எழுத்துகளையே பெயர்களாக வைத்தார்கள்.

ஆகஸ்ட் 27 அதிகாலையில், மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு லாரா சூறாவளி கேமரன் என்னும் கடலோர ஊரருகே கரை கடந்தது. 1856க்குப் பிறகு அதுவரை அந்த மாநிலம் அத்தகைய காற்றைக் கண்டதில்லை. கேமரன் வட்டாரத்தில் கடல்நீர் 12 அடிக்கு மேல் புகுந்தது. உள்நாட்டில் இருக்கும் லேக் சார்லஸ் நகரத்தைச் சிதைத்தது பெரும்பாலும் காற்றுதான். மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. புயல் ஓய்ந்த பிறகும் சாவு ஓயவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உயிரிழந்தவர்களில் பலர் ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடால் மாண்டவர்கள்.

அக்டோபர் 9 அன்று டெல்டா சூறாவளி அதே கடற்கரையில், லாரா வந்த இடத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே கரை கடந்தது. அது லாராவைவிட வலிமை குறைந்தது என்பதை வைத்து அதன் சேதத்தை எடைபோடக் கூடாது. கூரை இழந்த வீடுகள் அப்போது நீலத் தார்ப்பாய்களை மட்டுமே நம்பியிருந்தன. காற்று அவற்றைக் கிழித்தெறிய, லாராவில் தப்பிய சுவர்களும் தரையும் மழையில் ஊறின. தெருவோரம் குவித்து வைத்திருந்த இடிபாடுகள் மீண்டும் சிதறி, வடிகால்களை அடைத்தன.

அடுத்த பிப்ரவரியில் கடுங்குளிர் தண்ணீர்க் குழாய்களை வெடிக்கச் செய்தது; மே மாதத்தில் பெருமழை மீண்டும் வீடுகளுக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தது.

காப்பீட்டைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீடு காற்றின் சேதத்தை ஏற்கும்; வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். ஒரே வீட்டை இரண்டு புயல்கள் தாக்கியபோது, எந்தச் சேதம் எந்தப் புயலால் நேர்ந்தது என்று பிரித்துக் காட்டும் சுமையும் சேர்ந்துகொண்டது. நீண்டகால மறுசீரமைப்புக்கான கூட்டரசின் சிறப்பு நிதிக்கு 2021 செப்டம்பர் இறுதியில்தான் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. அதற்குள் ஐடா என்னும் மற்றொரு சூறாவளியும் மாநிலத்தைத் தாக்கிவிட்டது. இழப்புகளைத் தாங்க முடியாமல் காப்பீட்டு நிறுவனங்கள் சில நொடித்துப்போயின. தவணை தவறாமல் பணம் கட்டிய குடும்பங்கள், தங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை, நொடித்த நிறுவனங்களின் கோரிக்கைகளை ஏற்கும் மாநிலத்தின் உத்தரவாத அமைப்புக்குக் கைமாறியதால், கூரையில்லாத வீட்டுக்காக மறுபடியும் காத்திருக்க நேர்ந்தது.