உடைந்த டி.என்.ஏ சீரானபின்னும் ஈஸ்ட் மாறிவிடுவது ஏன்?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நம் கோவில் மண்டபத்தில் நடந்த வகுப்பைக் காணொளியில் பார்த்த ஆறாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வாய்ப்புண் உண்டாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகுகிறது என்றீர்கள். அப்படியானால் தாத்தா ஒட்டுக்கட்டிய ரப்பர் கன்றுகளைப் போல எல்லாம் ஒரே வார்ப்பாகத்தானே இருக்க வேண்டும்? டி.என்.ஏ உடைந்தாலும் சீர்செய்யப்பட்டுவிடுகிறது. பிறகு, பாட்டியின் வாய்ப்புண்ணுக்கு முன்பு கேட்ட புளுகோனசோல் மாத்திரை இப்போது கேட்காமல் போகும் அளவுக்கு மாற்றம் எங்கிருந்து வருகிறது?”

சீர்செய்வது என்றால் பழைய நிலைக்கே திரும்புவது என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தக் குழப்பம். இந்த ஈஸ்ட்டின் மாற்றங்களில் பெரும்பகுதி அந்தச் சீர்செய்யும் வேலையிலிருந்தே வருகிறது.

கேண்டிடா அல்பிகன்ஸ் 8 இணைக் குரோமோசோம்களைக் கொண்டது. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, அவை பல இடங்களில் சிறிதளவு வேறுபடும். தோட்டத்துக் கிராணியார் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, இரண்டு புத்தகங்களில் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டால், மற்றதைப் பார்த்து எழுதி ஒட்டிவிடுவார். பக்கம் முழுமையாகிவிடும், ஆனால் கிழிந்த பக்கத்தில் மட்டும் இருந்த ஒரு பதிவு என்றென்றைக்குமாகப் போய்விடும். நம் உடலின் வெள்ளையணுக்கள் ஏவும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களாலோ, நகலெடுக்கையில் நேரும் தடுமாற்றத்தாலோ டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் அறும்போது, ராட்51 என்னும் புரதம் அறுந்த முனையில் படர்ந்து இணைக் குரோமோசோமில் தனக்கு ஒத்த பகுதியைத் தேடுகிறது. ராட்52 அதற்குத் துணை நிற்கிறது. அங்கிருந்து பார்த்து எழுதப்படும் துண்டு சில நூறு எழுத்துகளாகவும் இருக்கலாம், குரோமோசோமின் நுனிவரை நீளவும் கூடும். ராட்52 மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டில் முழுக் குரோமோசோம்களே தொலைந்துபோவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இந்த வேலையை அது விட்டுவிடவும் முடியாது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். புளுகோனசோல் தாக்கும் நொதியை உண்டாக்குவது இ.ஆர்.ஜி11 என்னும் மரபணு. அதன் ஒரு பிரதியில் மருந்தைத் தாங்கும் பிழை தோன்றினால், மற்றப் பிரதி மருந்துக்குப் பணியும் நொதியையே செய்துகொண்டிருப்பதால் பயன் அரைகுறைதான். ஏதோ ஒரு சீர்செய்தலில் பிழையுள்ள பிரதி மற்றதன் மேல் எழுதப்பட்டுவிட்டால் இரண்டுமே தாங்கும் பிரதிகளாகிவிடும். எச்.ஐ.வி தொற்றுள்ள ஒருவரின் வாயிலிருந்து சுமார் 2 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 17 மாதிரிகளில், ஒரே வகை ஈஸ்ட் படிப்படியாக மருந்தைத் தாங்கும் நிலைக்குச் சென்றதையும், இடையில் இம்மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒன்றுபோல் ஆகிவிட்டதையும் 1990களில் கண்டார்கள். வெளியிலிருந்து புதிய கிருமி வரத் தேவையிருக்கவில்லை என்பதே எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. இதே மரபணுவும், மருந்தை வெளியேற்றும் பம்புகளை இயக்கும் டி.ஏ.சி1 மரபணுவும் 5ஆம் குரோமோசோமின் இடக்கையிலேயே, அதாவது அதன் ஒரு பாதியிலேயே, இருக்கின்றன. மருந்தைத் தாங்கும் சில மாதிரிகளில் இரண்டு இடக்கைகள் ஒன்றாக இணைந்த குரோமோசோம் ஒன்று கூடுதலாக உருவாகி, இந்த மரபணுக்களின் பிரதிகள் பெருகியிருந்ததை 2006இல் கண்டறிந்தார்கள்.

பாலினக் கலப்பே இல்லையா என்றால், உண்டு. கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் போல இது ஒடுக்கப் பிரிவு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) செய்து வித்துகளை உண்டாக்குவதை எவரும் கண்டதில்லை. ஆனால் இரண்டு செல்கள் கூடும் என்பது 2000இல் தெரியவந்தது. கூடியபின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக உதிர்த்தே பழைய எண்ணிக்கைக்குத் திரும்புகிறது. ஒடுக்கப் பிரிவில் டி.என்.ஏ-வை வெட்டும் எஸ்.பி.ஓ11 என்னும் புரதம் இங்கும் மறுசேர்க்கைக்கு, அதாவது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதற்கு, தேவைப்படுவதை 2008இல் காட்டினார்கள். கருவி அதே, வேலைத்தளம்தான் வேறு.

கேண்டிடா கிளப்ராட்டா என்னும் மற்றொரு ஈஸ்ட்டில் கதை மாறும். அதற்கு ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான். பார்த்து எழுத இரண்டாவது புத்தகம் இல்லை. நகலெடுக்கும்போது விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்.எஸ்.எச்2 மரபணு அதில் பழுதானால் மருந்தைத் தாங்கும் செல்கள் விரைவில் தோன்றுகின்றன.

பாட்டியைப் பற்றி ஒன்று. மருந்து கேட்காததற்கெல்லாம் மரபணுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், பொய்ப்பல்லைக் கழற்றாமல் தூங்கினாலும் வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும். வாயிலிருந்து மாதிரி எடுத்து, அது எந்த ஈஸ்ட், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பரிசோதிக்க முடியுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.