கூரையைப் பார்த்து வண்டி வாங்குங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் ஓய்வு வயதை எட்டியிருக்கும் நம் தமிழர்கள் பலரிடம் ஒரு யோசனை ஓடுகிறது. ஒரு பிள்ளை நியூ ஜெர்சியில், இன்னொரு பிள்ளை டாலஸில், சொந்தக்காரர்கள் கலிபோர்னியாவில். இவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து வீட்டு வரி கட்டுவதற்கு, வண்டியே வீடான ஒரு மோட்டார்ஹோம் வாங்கி நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டே வாழ்ந்தால் என்ன? நானும் என் மனைவியும் அப்படித்தான் வாழ்கிறோம். ஓய்வுக்கு முன்பு டெக்சாஸில் லாரி பராமரிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால், பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் என்னையும் கூட அழைத்துப்போவார்கள். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும் கொஞ்சம் சேமிப்பும் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கையில் 50,000 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 டாலர் வண்டியைத் தேடாதீர்கள். வண்டியின் விலை 35,000 டாலரைத் தாண்ட வேண்டாம். 10,000 டாலரை முதல் வருடப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மீதி விற்பனை வரி, பதிவு, காப்பீடு, பரிசோதனைச் செலவுக்குப் போகும். பழைய மோட்டார்ஹோம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் முதல் வருடம் காசு கேட்கும். பெரிய வண்டியின் ஆறு டயரையும் மாற்றினாலே 3,000 டாலர் அளவுக்கு ஆகிவிடும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் போய்விட்டால் அதற்கும் ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேறு வீடு இல்லாமல் வண்டியிலேயே வாழப் போகிறவர்களுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும்.

எந்த மாதிரி வண்டி? பஸ் போலத் தட்டையான முகம் உள்ளது கிளாஸ் ஏ. வேனையே வீடாக்கியது கிளாஸ் பி. வேனின் முன்பகுதியோடு, ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது கிளாஸ் சி. கிளாஸ் பி பழையதாக இருந்தாலும் விலை இறங்காது. கிளாஸ் ஏ பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் பராமரிப்பு லாரிக் கணக்கில் வரும். இரண்டு பேருக்கு 24 முதல் 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி போதும் என்பது என் கருத்து. பெரும்பாலானவை ஃபோர்டு ஈ-450 சேசிஸில், அதாவது அந்த வேனின் அடிச்சட்டத்தில், கட்டியவை. சின்ன ஊரில்கூட அதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். தேசியப் பூங்காக்களில் பழைய முகாம் இடங்கள் பலவற்றில் நீளமான வண்டி நுழையாது, அதற்கும் இந்த அளவு நல்லது.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார்ஹோமைக் கொல்வது தண்ணீர். எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம், டயர் தேய்ந்தால் மாற்றலாம். கூரையில் ஒரு விரற்கடைப் பிளவு வழியாக இரண்டு மழைக்காலம் நீர் இறங்கியிருந்தால், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டமும் பிளைவுட்டும் ஊறி மக்கிவிடும். மேலே ஃபைபர்கிளாஸ் பளபளவென்று இருக்கும். உள்ளே பிடிமானமே இருக்காது. அதைப் பிரித்துக் கட்டும் செலவு பல சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும். அதனால் நீர் இறங்கிய ஐந்து வருட வண்டியைவிட, ஈரமே படாத பதினைந்து வருட வண்டி மேல். விளம்பரத்தில் வருடத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

கூரை பெரும்பாலும் ரப்பர் விரிப்பு. ஃபைபர்கிளாஸ் கூரையும் உண்டு. எதுவானாலும் அதில் ஓட்டைகள் ஏராளம்: ஏ.சி., காற்றோட்ட விசிறி, கழிவறைக் குழாய், ஆன்டெனா. ஒவ்வொன்றைச் சுற்றியும் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசியிருப்பார்கள். வெயிலில் அது காய்ந்து வெடிக்கும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் புதிதாகப் பூச வேண்டும். விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, “கடைசியாகக் கூரைக்கு எப்போது ஏறினீர்கள்?” என்பதுதான். பதில் சொல்லத் திணறினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் ஏணி போட்டு நீங்களே ஏறிப் பாருங்கள்.

கீழே இறங்கியதும் வெளிச்சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து நீளவாக்கில் பாருங்கள். எங்காவது அலை போல உப்பியிருந்தால், உள்ளே நீர் புகுந்து ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கிளாஸ் சி வண்டியில் தலைக்கு மேலிருக்கும் அந்தப் படுக்கைதான் அதிகம் ஒழுகும் இடம். மெத்தையைத் தூக்கி நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஸ்லைடு-அவுட் என்று பக்கவாட்டில் நீளும் அறை இருந்தால், அதன் அடித்தளத்து ஓரங்களில் காலை ஊன்றிப் பாருங்கள். அலமாரிகளுக்குள் டார்ச் அடித்துப் பழுப்பு வளையங்களைத் தேடுங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது வால்பேப்பர் இருந்தாலும், வாசனைத் திரவம் தூக்கலாக அடித்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அரிசோனாவில் ஒரு தம்பதிக்காக வண்டி பார்க்கப் போயிருந்தேன். உள்ளே அழகான தோல் சோபா, புது டி.வி. அந்த அம்மாவுக்குச் சமையலறை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் படுக்கை மூலையில் அழுத்தினேன். கட்டைவிரல் முதல் கணுவரை உள்ளே போனது. விற்பவர் அங்கேயே 5,000 டாலர் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பதி என்னைப் பார்த்தார்கள். “20,000 குறைத்தாலும் வேண்டாம்மா” என்றேன். அங்கிருந்து கிளம்புவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது, காரில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர்கள் வாங்கியது அதைவிடப் பழைய வண்டி, சோபாத் துணிகூட நைந்திருந்தது. சுவர் முழுக்கக் காய்ந்து கெட்டியாக இருந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறார்கள்.

இனி, “பதினைந்து வருடத்தில் 20,000 மைல்தான் ஓடியிருக்கிறது” என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கார் வாங்கும்போது அது நல்ல செய்தி. ஓடாமல் நின்ற மோட்டார்ஹோமில் ரப்பர் சீல்கள் காய்ந்துபோயிருக்கும், ஜெனரேட்டர் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருக்கும், பேட்டரி செத்திருக்கும். டயரில் கோடுகள் ஆழமாகத் தெரியும், ஆனால் ரப்பர் முதுமையடைந்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏழு வருடம் கடந்திருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். அந்த எண் பல சமயம் டயரின் உட்பக்கம் இருக்கும், கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். பின்னால் இரட்டை டயரில் உள்டயரை விட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல் ஓடி, எண்ணெய் மாற்றிய ரசீதுகளை வரிசையாக வைத்திருக்கும் ஒருவரின் வண்டி, மூடிவைத்த வண்டியைவிட எனக்குப் பிடிக்கும்.

பார்க்கப் போகும் முந்தின நாளே விற்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜை முந்தின இரவே கேஸில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அது குளிரப் பல மணி நேரம் ஆகும். எஞ்சினை நீங்கள் வரும்வரை தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் சத்தத்தில்தான் அதன் குணம் தெரியும். போனதும் ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யை அதில் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி பம்பைப் போடுங்கள். குழாய்களை மூடியதும் பம்ப் நின்று அமைதியாக வேண்டும். நின்ற பிறகும் அவ்வப்போது டுர்ர்ர் என்று உயிர்பெற்றால் எங்கோ கசிகிறது. வடக்குப் பகுதி வண்டிகளில் குளிர்காலத்தில் நீர் உறைந்து குழாய் வெடித்திருக்கும், சாலை உப்பால் சேசிஸ் துருப்பிடித்திருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் வேறு மாநிலத்துக்குப் போய் விற்பனைக்கு நிற்கின்றன. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை வைத்து, டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தின் வரலாற்றை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு சான்றிதழ் பெற்ற ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வண்டிகளின் பொதுப்பெயர்) பரிசோதகரைக் கூலி கொடுத்து வரவழையுங்கள். தேசிய ஆர்வி பரிசோதகர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதன் வழியாக அருகிலுள்ளவரைக் கண்டுபிடிக்கலாம். சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேலும் கேட்பார்கள். வாங்காத வண்டிக்கு இவ்வளவா என்று தோன்றும். தனியாரிடம் வாங்கும் பழைய வண்டி, இருக்கும் நிலையிலேயே வாங்குவது. கையெழுத்துப் போட்டபின் யாரிடமும் போய் நிற்க முடியாது.

பழைய கிளாஸ் ஏ வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2009-இல் ஃப்ளீட்வுட், மொனாக்கோ போன்ற பெரிய மோட்டார்ஹோம் நிறுவனங்களே திவாலாயின. அந்தக் கால வண்டிகளுக்கு ஃபோர்டு, கம்மின்ஸ் எஞ்சின் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. முன் கண்ணாடியோ, கதவுப் பாகமோ உடைந்தால் பழைய வண்டிக் கிடங்குகளில்தான் தேட வேண்டும். இன்னொன்று, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடாத தனியார் பார்க்குகள், அதாவது மோட்டார்ஹோமை நிறுத்தித் தங்கும் இடங்கள், உண்டு. சுத்தமாக வைத்திருந்தால் படம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு.

நம் சமையலால் வரும் பிரச்சினை ஒன்று இருக்கிறது. எடை. ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று ஒட்டியிருப்பார்கள். சில கிளாஸ் சி வண்டிகளில் அது 1,000 பவுண்டுக்கும் குறைவு. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு அங்கேயே போய்விட்டது. மிச்சத்தில் அரிசி மூட்டை, கிரைண்டர், குக்கர், பருப்பு டப்பாக்கள், துணிமணி, புத்தகம் எல்லாம் அடங்க வேண்டும். லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. சாமான் ஏற்றியபின் அதில் ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் மலைப்பாதைக்குப் போங்கள். தாளிக்கும்போது கூரை விசிறியைப் போட மறக்காதீர்கள். குக்கர் நீராவியும் சேர்ந்து சின்ன இடத்தில் ஈரம் தங்கிவிடும்.

வண்டியைவிடப் பெரிய விஷயம் மருத்துவம். மெடிகேர் என்பது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பல, நீங்கள் பதிவுசெய்த வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. வெளியூரில் அவசரச் சிகிச்சை கிடைக்கும், வழக்கமான சிகிச்சைக்குச் சிக்கல் வரும். ஊர் ஊராக வாழ்பவர்களுக்கு அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேரும், அதோடு அது கட்டாத பங்கை ஏற்கும் மெடிகேப் பாலிசியும்தான் தோது. மெடிகேரை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். 65 வயதாகி, மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள், உடல்நிலை பற்றிக் கேட்காமல் மெடிகேப் தர வேண்டும் என்பது விதி. அதைத் தவறவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறுக்கே நிற்கும். இந்த ஆறு மாதத்தைத் தயவுசெய்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

முகவரி வேண்டுமே என்று கேட்பீர்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்று மாநிலங்களைத்தான் முழுநேரப் பயணிகள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில வருமான வரி இல்லை, கடிதங்களை வாங்கி அனுப்பும் சேவைகளும் உண்டு. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் இருக்கும், மோட்டார்ஹோம் பயணிகளின் எஸ்கேபீஸ் சங்கம் 1978-இல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுவே தபால் முகவரி.

தங்கும் செலவில்தான் உண்மையான சேமிப்பு. 62 வயதான குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் தேசியப் பூங்காக்களின் சீனியர் பாஸ் ஆயுளுக்கும் 80 டாலர்தான். மத்திய அரசின் முகாம் இடங்கள் பலவற்றில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம். ராணுவப் பொறியாளர் துறை பராமரிக்கும் ஏரிக்கரை முகாம்கள் எங்களுக்கு மிகவும் பிடித்தவை. மேற்கே நில நிர்வாகத் துறையின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம், தண்ணீரும் மின்சாரமும் இருக்காது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊர் அருகே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவ அனுமதி வாங்கிக் குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில் இருக்கலாம். அந்த வெயிலில் இட்லி மாவு அருமையாகப் பொங்கும்.

பிள்ளைகள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பல குடியிருப்புச் சங்கங்கள் ஓரிரு இரவுக்கு மேல் விடுவதில்லை, முன்பே விசாரித்து அருகில் ஒரு பார்க்கைப் பதிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக, ஓட்ட முடியாமல் போகும் நாளைப் பற்றி. இருவரும் ஓட்டப் பழகுங்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் மற்றவர் 28 அடி வண்டியை மருத்துவமனை வரை கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும். காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பின்னோக்கி எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். எஸ்கேபீஸ் சங்கம் லிவிங்ஸ்டனிலேயே, இனிப் பயணம் முடியாத உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்து உதவி பெற ஒரு பராமரிப்பு மையம் வைத்திருக்கிறது. அது ஒரு வழி. ஒரு சின்ன அபார்ட்மெண்டுக்கு முன்பணமாகும் தொகையைத் தொடாமல் வைத்திருப்பது இன்னொரு வழி, நாங்கள் செய்திருப்பது அதுதான். எதுவானாலும் வீட்டு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.