நம்ம ஊரு தண்ணி மெஷினுக்குத் தெரியாதுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் 26 வருஷமா மிக்ஸி, கிரைண்டர், கெய்சர், வாஷிங் மெஷின்னு ரிப்பேர் பாத்துக்கிட்டு இருக்கேன். குழு தலைவியம்மா கடைக்கு வந்து, "அண்ணே, தினமும் கடையில உக்காந்து எங்கள திட்டறீங்கல்ல, அதையே எங்க கூட்டத்துல வந்து திட்டுங்க, டீயாச்சும் கிடைக்கும்"னு கூப்பிட்டாங்க, சரின்னு வந்துட்டேன்.

போன வாரம் ஒரு கெய்சர் வந்துச்சி. பையன் ஓசூர் கம்பெனில வேலை, அம்மாவுக்கு ஆன்லைன்ல புக் பண்ணி அனுப்பியிருக்கான், வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகுது. கழட்டிப் பாத்தா தண்ணிய சூடாக்கற கம்பி, அதான் எலிமெண்ட், அதே தெரியலங்க, மேல சுண்ணாம்பு கட்டி கொய்யாப்பழம் கணக்கா உருண்டு நிக்குது. நம்ம போர் தண்ணி அப்படி. தண்ணிக்கும் கம்பிக்கும் நடுவுல சுண்ணாம்பு உக்காந்துக்கிச்சின்னா சூடு தண்ணிக்குப் போவாது, கம்பி உள்ளயே வெந்து வெந்து ஒரு நாள் புட்டுக்கும், அதுக்குள்ள கரண்ட் பில்லு எகிறியிருக்கும். அந்தம்மா கம்பெனிக்காரன திட்டுது, கம்பெனிக்காரன் தண்ணி சரியில்லைங்கறான். ரெண்டு பேரும் சொல்றது சரிதான், அதான் கஷ்டமே.

வாஷிங் மெஷினும் இதே கதைதான். "போர்டு போயிடுச்சி, மாத்தணும்"னு எவனாச்சும் சொன்னா உடனே பர்ஸ தொறக்காதீங்க. மொதல்ல குழாய மூடிட்டு, மெஷினுக்குப் பின்னாடி தண்ணி வர்ற பைப்ப கழட்டுங்க, உள்ள சின்னதா ஒரு வலை இருக்கும், அதுல மண்ணும் சுண்ணாம்பும் அடைச்சிக்கிட்டு இருக்கும், பழைய பிரஷ்ல தேச்சிட்டு மாட்டுங்க, பாதி மெஷின் அதுலயே ஓடிடும். மாசம் ஒருக்கா துணி போடாம 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கொட்டி சுடுதண்ணில ஒரு ஓட்டு ஓட்டுங்க, உள்ள கட்டியிருக்கறது கரைஞ்சி வந்துரும். இத சொல்றதால என் யாவாரம்தான் படுக்கும், பரவால்ல.

இப்ப குடிக்கற தண்ணிக்கு வர்றேன், இதத்தான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். டை கட்டிக்கிட்டு ஒரு தம்பி வீட்டுக்கு வருவான், ரெண்டு கிளாஸ் எடுப்பான், ஒண்ணுல உங்க போர் தண்ணி, இன்னொண்ணுல அவன் விக்கற ஆர்ஓ மெஷின், அதான் தண்ணில இருக்கற உப்ப வடிகட்டற மெஷின், அதுல புடிச்ச தண்ணி. கம்பி வெச்ச ஒரு டப்பாவ ரெண்டுலயும் விட்டு சுவிட்ச் போடுவான், உங்க தண்ணி செம்மண்ணு மாதிரி பொங்கி வரும். "பாத்தீங்களாம்மா, இதத்தான் குடிக்கறீங்க"ம்பான். அது தண்ணி அழுக்கே இல்லீங்க! உப்பு இருக்கற தண்ணில கரண்ட் பாயும், பாஞ்சா அந்த இரும்புக் கம்பி கரைஞ்சி துரு வரும். ஆர்ஓ தண்ணில உப்பு கம்மி, கரண்ட் பாயல, துரு வரல. அந்தத் தண்ணில ஒரு சிட்டிக உப்பு போட்டு மறுபடி கம்பிய விடச் சொல்லுங்க, அதுவும் பொங்கும், தம்பி பொட்டி கட்டிருவான்.

ஆனா நம்ம தர்மபுரி ஜில்லாவுக்கு ஆர்ஓ வேணாம்னும் சொல்ல மாட்டேன். இங்க பாறைக்குள்ள இருந்து புளோரைடுன்னு ஒரு உப்பு தண்ணில கரைஞ்சி வருது, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போனா பல்லு காவியேறும், வருஷக்கணக்கா குடிச்சா எலும்பயும் புடிக்கும். பல்லப் பாத்தே தர்மபுரிக்காரனான்னு கேப்பாங்களே, எனக்கும் அந்தப் பல்லுதான், பாத்துக்குங்க. இதுக்காகத்தான் ஒகேனக்கல் தண்ணிய குழாய்ல கொண்டாந்தாங்க, 2013ல தொறந்தது. அந்தத் தண்ணி உங்க தெருவுக்கு ஒழுங்கா வருதுன்னா அதக் குடிங்க, மெஷினே தேவையில்ல. போர் தண்ணிதான் கதின்னா அப்ப ஆர்ஓ வாங்குங்க, உள்ள யூவி லைட்டு மட்டும் எரியற மெஷின வாங்காதீங்க, அது கிருமியக் கொல்லும், புளோரைட தொடாது. கொதிக்க வெச்சாலும் போவாது, தண்ணி சுண்ட சுண்ட கூடத்தான் செய்யும். தண்ணில முக்கிப் பாக்கற டிடிஎஸ் மீட்டரும் மொத்தமா கரைஞ்சிருக்கற உப்பத்தான் காட்டும், அதுல புளோரைடு எவ்ளோன்னு சொல்லாது, அதுக்கு தண்ணிய லேப்ல குடுத்துதான் பாக்கணும். ஆர்ஓல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய போவுது, அத சாக்கடைல விடாம வீடு தொடைக்க புடிச்சி வைங்க.

கரண்ட பத்தி ஒரு வார்த்தை. கட்டாகி வந்த உடனே பிரிஜ்ஜ போடாதீங்க, மூணு நிமிஷம் உடுங்க, இல்லன்னா கம்ப்ரஸர் திணறும். அப்பறம் பழைய பேன் 75 வாட் இழுக்கும், உள்ள எலக்ட்ரானிக் போர்டு வெச்சி வர்ற புது பிஎல்டிசி பேன் 30 சொச்சம்தான். அது நல்ல சாமான், ஆனா போர்டு போச்சின்னா என்கிட்ட கொண்டாராதீங்க, எனக்கு கெப்பாசிட்டர் மாத்தத்தான் தெரியும்.

திட்டிக்கிட்டே இருக்கேன்னு நினைக்காதீங்க. எங்கம்மா ஆட்டுக்கல்லுல மாவாட்டிட்டு ராத்திரி தோள்பட்டைக்கு தைலம் தேச்ச வாசம் இன்னும் மூக்குல இருக்கு. 1955ல கோயம்புத்தூர்ல சபாபதின்னு ஒருத்தர் கிரைண்டர் கொண்டாந்தாரு. கல்ல அப்படியே உட்டுட்டாரு பாருங்க, கைக்குப் பதிலா மோட்டார வெச்சாரு. கல்லு மெதுவா சுத்தும், மாவு சூடாவாது, மிக்ஸில ஆட்டுன இட்லிக்கும் இதுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நாம சாப்புடறத பாத்து செஞ்ச மெஷினு அது, அதான் பெல்ட்ட மாத்தி மாத்தி இருவது வருஷம் ஓடுது.

ஆனா நம்ம களிக்கு மட்டும் இன்னும் எவனும் வரல. வீட்டுக்கு வீடு ராகிக் களி கிண்டற ஊரு, அடுப்பாண்ட குந்திக்கிட்டு ரெண்டு காலாலயும் பானைய அமுக்கிப் புடிச்சி துடுப்பு போடறது எங்கம்மாவுக்கு அறுவது வயசுலயும் ஓயல. நானும் மெக்கானிக்குதானேன்னு ஒரு நாள் டிரில் மெஷின்ல துடுப்பக் கட்டி பானைக்குள்ள விட்டு சுவிட்சப் போட்டேன். களி மொத்தமும் செவத்துல. அன்னிக்கி எல்லாரும் ஓட்டல்ல பரோட்டா சாப்ட்டோம். செவத்துல அந்தக் கறை இன்னும் இருக்கு, வெள்ளையடிக்கும்போது அந்த எடத்த மட்டும் அடிக்க விட மாட்டேங்குது எங்கம்மா, வீட்டுக்கு யாரு வந்தாலும் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுது.