ஒரு சொட்டும் சிந்தாமல் காபி கொண்டுவந்த ரோபோ

வணக்கம் நண்பர்களே! தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் நம் இரண்டு சக்கர ரோபோ வண்டி நினைவிருக்கிறதல்லவா? இன்று காலை அது அடுக்களையிலிருந்து கூடத்துக்கு அப்பத்தாவின் காபியைக் கொண்டுவந்து சேர்த்தது. தம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தேன். டவராவில் ஒரு சொட்டு இல்லை!

முக்கியக் காரணம், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் எல்298என் பலகையைக் கழற்றி எறிந்ததுதான். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு பென்சில் செல் தருவதே 6 வோல்ட். அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை அதுவே விழுங்கிச் சூடாக்கிவிடும். மெதுவாகக் கிளப்பினால் சக்கரத்தைச் சுற்றும் மஞ்சள் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். சற்றே கூட்டினால் வெடுக்கென்று பாயும். காபி சிந்துவது அந்த வெடுக்கில்தான். இப்போது அதற்குப் பதில், அவ்வளவு வோல்ட்டை விழுங்காத டிபி6612 பலகை. வண்டியின் மூளையான அர்டுயினோ பலகையின் நிரலிலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நிறுத்தும்போதும் அப்படியே இறக்குகிறேன்.

அடுத்தது என் செல்லம், இந்த மைக்ரோ சுவிட்ச். சென்னை ரிச்சி தெருவில் 15 ரூபாய்க்குக் கிடைத்தது. இதற்கு ஓர் இணையக் கடை கூரியரோடு 90 ரூபாய் கேட்டது. 15 ரூபாய்ப் பொருளுக்கு 90! நேரில் போனால் நெம்புகோலை அழுத்தி, 'டிக்' சத்தம் கேட்டு வாங்கலாம். நான் ஐந்து வாங்கினேன்.

இது எதற்கு? எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் தேநீர் கொண்டுவரும் மரப் பொம்மை ஒன்று உண்டு. மின்சாரம் கிடையாது; திமிங்கிலத்தின் வாய்த் தகட்டில் செய்த சுருள்வில்தான் விசை. கிண்ணத்தை எடுத்தால் நிற்கும், திரும்ப வைத்தால் திரும்பிப் போகும். 1796இலேயே இதன் பல்சக்கரங்களைப் படம் வரைந்து நூலாக வெளியிட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகான யோசனை! அதைத்தான் இங்கே செய்திருக்கிறேன். வண்டியின் மேலுள்ள தட்டின் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் சுவிட்ச். தம்ளரின் எடையில் தட்டு இறங்கிச் சுவிட்சை அழுத்தினால் வண்டி ஓடும்; தம்ளரை எடுத்தால் நிற்கும்.

இருங்கள், பேனா ஸ்பிரிங்கைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். தம்ளரை எடுத்ததும் தட்டைத் தூக்கிவிடுவது அதுதான். காபி நிறைந்த தம்ளர் எளிதாக அழுத்திவிடும். காலித் தம்ளருக்கு அவ்வளவு எடை ஏது? அதனால் ஸ்பிரிங்கைச் சுற்றுச் சுற்றாக வெட்டிப் பார்த்தேன். டவரா மட்டும் இருந்தால் தட்டு மேலே நிற்க வேண்டும். காலித் தம்ளர் வைத்தாலே இறங்க வேண்டும்.

பாருங்கள், வைக்கிறேன்... டிக்! கிளம்பிவிட்டது, அடுக்களைக்கு.